லித்தியம் செல் ஆன்லைனில் வாங்குறவங்க படிங்க: 18,600 ரிங்கிட் போச்சு

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன். லங்காவியில ஒரு 24 மீட்டர் பாய்மரப் படகோட மின்சார வேலை எங்க கையில இருக்கு. அதுக்காக எல்லாரும் சாமான் வாங்குற ஒரு இணையச் சந்தையில லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் 24, பிஎம்எஸ் (செல்லைக் கண்காணிச்சு, ஆபத்துன்னா கரண்ட்டை அறுக்கிற பெட்டி) 3 வாங்கினோம். மொத்தம் 18,600 ரிங்கிட். புதுசுன்னு சொல்லி வந்தது அத்தனையும் எங்கேயோ ஓடித் தேய்ஞ்ச பழைய செல்.

கணக்கைப் பாருங்க, இது ஏன் வயிறெரியுதுன்னு புரியும். படகு 24 வோல்ட். நடுக்கடல்ல ஒரு நாளைக்கு ஆட்டோபைலட் 240 ஆம்பியர் அவர் (பேட்டரியில தேங்குற, செலவாகுற கரண்ட்டோட அளவு), ஃபிரிட்ஜும் ஃப்ரீசரும் 190, ரேடார், கருவிகள் எல்லாம் சேர்ந்து 120, விளக்கு, பம்ப் 70. ஆகமொத்தம் 620. 280 ஆம்பியர் அவர் செல் எட்டை சீரீஸா கோத்து, அப்படி மூணு வரிசையைப் பேரலலா போட்டா 840. அதுல 80 சதவீதம் எடுத்தா 672. ஒரு முழு நாள் எஞ்சினைத் தொடாம ஓடலாம். டிசைனே அந்த ஒரு நாளை நம்பித்தான். பௌ த்ரஸ்டருக்கு (படகு மூக்கைப் பக்கவாட்டுல தள்ளுற மோட்டார்) இதுல இருந்து சொட்டு கரண்ட் கிடையாது. 400 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதுக்குத் தனியா ஏஜிஎம் பேட்டரி, அதாவது மூடின லெட் ஆசிட் வகை.

நம்ப வச்ச இடம் எது தெரியுமா? விலை இல்லை, விலை ஒண்ணும் மலிவும் இல்லை. விற்கிறவன் 24 செல்லுக்கும் சீரியல் நம்பரோட டெஸ்ட் ஷீட் அனுப்பினான். எல்லாம் 283 ஆம்பியர் அவருக்கு மேல, ரெசிஸ்டன்ஸ் (செல் தேயத் தேய இது ஏறும்) 0.17 மில்லிஓம். வீடியோ கால்ல டெஸ்டர் ஓடுறதைக் காட்டினான். ஆல்டர்னேட்டருக்கு (எஞ்சினோட சுத்தி பேட்டரியை சார்ஜ் பண்றது, அதைக் கட்டுப்படுத்துறது ரெகுலேட்டர்) எச்சரிக்கை சிக்னல் தர்ற பிஎம்எஸ் வேணும்னு கேட்டதும், “இருக்கு பாஸ், ரெகுலேட்டரை முதல்ல நிறுத்தும், அப்புறம்தான் கட் ஆகும்”னு அவனே விளக்கினான். படகு வேலை தெரிஞ்சவன் மட்டும்தான் அப்படிப் பேசுவான். அதுலதான் 18,600 கை மாறிச்சு.

பெட்டி வந்துச்சு. நீல உறை புத்தம் புதுசு. உறையைக் கிழிச்சா அடியில இன்னொரு உறை, ஓரத்துல பழைய பசை. டெர்மினல்ல ஸ்டட் (இணைப்பு மாட்டுற போல்ட்) புதுசா ஒட்டியிருக்கு, அதைச் சுத்தி பழைய பஸ்பாரை (செல்லையும் செல்லையும் இணைக்கிற உலோகப் பட்டை) பிய்ச்ச லேசர் வெல்டு தழும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கான். கியூஆர் கோடு மேல புது ஸ்டிக்கர். 3.65 வோல்ட் வரை ஏத்தி 2.5 வரை இறக்கி அளந்தோம். நல்லதுங்கிறதே 211, மோசமானது 174. ரெசிஸ்டன்ஸ் 0.4க்கு மேல. சீரீஸ்ல இருக்கிற நோஞ்சான் செல்தான் அந்த வரிசை முழுசுக்கும் அளவு. அப்போ 840 இல்லை, 525 தேறினாலே அதிகம். 80 சதவீதம் 420. படகு 16 மணி நேரத்துல இருட்டாயிடும்.

பிஎம்எஸ் இன்னும் கேவலம். 200 ஆம்பியர் தாங்கும்னு எழுதின பெட்டி, 120ல இருபது நிமிஷம் ஓட்டினதும் சூடாகி அறுத்துக்கிச்சு. எஞ்சின் ரூம் பக்கத்துல வெக்கையில என்ன ஆகும்? ‘ஆல்டர்னேட்டர்’னு பெயர் போட்ட டெர்மினலைத் திறந்து பார்த்தா உள்ளே ஒரு ஒயர்கூட இல்லை. வெறும் ஸ்க்ரூ! இதைப் படகுல மாட்டியிருந்தா, ஆல்டர்னேட்டர் முழு வேகத்துல சார்ஜ் பண்ணும்போது பிஎம்எஸ் சட்டுன்னு அறுத்துவிடும். கரண்ட் போக வழியில்லாம வோல்டேஜ் எகிறி டையோடு வெடிக்கும், அதே லைன்ல இருக்கிற ரேடாரும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து போகும். இரவு நேரம், மலாக்கா நீரிணை, சுத்தி சரக்குக் கப்பல். உயிரோட விளையாடுறானுங்க.

கேட்டா முதல்ல “டாப் பேலன்ஸ் பண்ணிட்டு பாருங்க பாஸ்”, அதாவது எல்லா செல்லையும் ஒரே அளவுக்கு முழுசா சார்ஜ் பண்ணச் சொன்னான். பண்ணினோம், அதே நம்பர். அடுத்து “உங்க டெஸ்டர் சரியில்லை”. வேற டெஸ்டர்ல எடுத்த வீடியோ அனுப்பினோம். “உறையைக் கிழிச்சிட்டீங்க, வாரண்டி இல்லை”. கிழிக்காம எப்படிப் பார்க்கிறது? இணையச் சந்தைக்காரன்கிட்ட போனா, பொருள் வந்து சேர்ந்ததும் புகார் கெடு ஓட ஆரம்பிச்சிடுச்சாம், முடிஞ்சுபோச்சாம். 24 செல்லை ஒழுங்கா அளக்கிறதுக்கே அந்தக் கெடு பத்தாது. பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரை எடுக்கும்தான், ஆனா தொழிலுக்கு வாங்கினது அதுல நிற்காது. 18,600 ரிங்கிட்டும் அம்போ.

எப்படி வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போ கை நடுங்குது, முக்கியமானதை மட்டும் சொல்லிடுறேன்.

ஸ்டட் ஒட்டின செல்லா இருந்தா அடியில தழும்பு தெரியுற மாதிரி கிட்டப் படம் கேளுங்க. தரலைன்னா விடுங்க. முதல்ல நாலு செல் மட்டும் வாங்கி அளந்துட்டு மிச்சத்தை வாங்குங்க. பெட்டி பிரிக்கிறதை வெட்டாம வீடியோ எடுங்க. பிஎம்எஸ்ஸோட எச்சரிக்கை டெர்மினலை மல்டிமீட்டர் வச்சு டேபிள்லயே சோதிங்க, படகுல ஏத்தின பிறகு இல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ், வேற எதுவும் சொன்னா கேட்காதீங்க. லித்தியம் ஷார்ட் ஆனா வர்ற கரண்ட்டை சாதா ஃப்யூஸ் அறுக்காது. காசைத் தவணையா கொடுங்க, பொருள் வந்த அன்னைக்கே ‘பெற்றுக்கொண்டேன்’ பட்டனை அமுக்காதீங்க.