சீனாவில் பிரசவமா, உங்களுக்கு நெகட்டிவ் ரத்தமா? "ஊசி பேக்கேஜிலேயே இருக்கு" என்றால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

வேலை காரணமாகச் சீனாவில் குடியிருந்து அங்கேயே பிள்ளை பெறத் திட்டமிட்டிருக்கிறீர்களா? உங்கள் ரத்தம் நெகட்டிவ், கணவருடையது பாசிட்டிவ் என்றால் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். ஹாங்காங்கை ஒட்டிய சீன நகரமான ஷென்ஜெனில் ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனை எங்களிடம் 68,000 யுவான் வாங்கிக்கொண்டு, நெகட்டிவ் தாய்க்குத் தேவையான, ஆனால் தன்னிடம் இல்லாத ஆன்ட்டி-டி என்ற ஊசியை எனக்கு விற்றது. புகார் இன்னும் முடியவில்லை என்பதால் பெயரைப் போடவில்லை. இதே பேச்சை வேறு இரண்டு நகரங்களில் இருக்கும் தோழிகளும் கேட்டிருக்கிறார்கள். அதனால் எந்த மருத்துவமனை என்பதைவிட எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு முக்கியம்.

நானும் கணவரும் அமெரிக்கக் குடிமக்கள். நியூஜெர்சியில் இருந்தோம். அவருக்கு ஷென்ஜெனில் மின்னணுத் தொழிற்சாலை வேலை, வீடு ஷெகௌ பக்கம். கரு உண்டானது தெரிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று யோசித்தோம். அவருக்கு விடுப்புக் கிடைக்காது, எனக்குத் தனியாக இருக்க மனமில்லை. இங்கேயே பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

என் ரத்தம் ஏ நெகட்டிவ். ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு நெகட்டிவ் இருக்கும், நம்மவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் வரை. ஹான் சீனர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர்தான். பாண்டா ரத்தம் என்றே அங்கே அதற்குப் பெயர். நம் ஊரிலோ அமெரிக்காவிலோ நெகட்டிவ் தாய்க்கு 28ஆவது வாரத்தில் ஓர் ஆன்ட்டி-டி ஊசி போடுவார்கள். பிறந்த குழந்தைக்குப் பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கோயம்புத்தூரில் மருத்துவர் சீட்டைக் கொடுத்தால் பெரிய மருந்துக்கடையில் வாங்கிவிடலாம். நான் கருவுற்றிருந்தபோது பெருநிலச் சீனாவில் வழக்கமான வழியில் அதை வாங்கவே முடியவில்லை. தேவைப்படுகிறவர்கள் ஹாங்காங் போய்ப் போட்டுக்கொள்கிறார்கள். இந்த ஒரு விஷயம் முதல் நாளே எனக்குச் சொல்லப்பட்டிருந்தால் மற்ற எதுவும் நடந்திருக்காது.

அந்த ஊசி எதற்கு என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரசவத்தின்போது குழந்தையின் பாசிட்டிவ் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடம்பு அதை எதிரியாக நினைத்து எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிவிடும். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்து வயிற்றில் வரும் பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களைத்தான் அது அழிக்கும். குழந்தைக்குக் கடுமையான ரத்தசோகை, மஞ்சள்காமாலை வரும், வயிற்றிலேயே இறந்தும் போகலாம். ஒருமுறை அந்த எதிர்ப்பு உண்டாகிவிட்டால் பிறகு எந்த ஊசியாலும் மாற்ற முடியாது. என் பெரியம்மாவுக்கு மூத்த பையன் நல்லபடியாகப் பிறந்தான். அதற்குப் பிறகு தங்கிய இரண்டும் நிலைக்கவில்லை. அறுபதுகளின் கடைசியிலேயே ஊசி வந்துவிட்டது, பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து சேரவில்லை. அதனால் எங்கள் வீட்டில் இந்த ஊசியை யாரும் சாதாரணமாக நினைப்பதில்லை.

அந்த மருத்துவமனையில் நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான். வரவேற்பில் ஆங்கிலம் பேசும் ஓர் ஆலோசகர் இருந்தார், மருத்துவர் இல்லை, பேக்கேஜ் விற்பவர். "எங்களிடம் வெளிநாட்டுப் பெண்கள் நிறைய வருகிறார்கள், ஊசி பேக்கேஜிலேயே சேர்ந்தது" என்றார். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளைக் காட்டினார். ஸ்கேன்கள், ரத்தப் பரிசோதனைகள், தனி அறை, வலியில்லாப் பிரசவம், அவற்றோடு ஆன்ட்டி-டி இரண்டு டோஸ் என்று தெளிவாக இருந்தது. சீனாவில் வாட்ஸ்அப் போலப் பயன்படும் வீசாட்டிலும் எழுதிக் கேட்டேன். "ஆம், கவலை வேண்டாம்" என்று பதில் வந்தது. முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினோம்.

கையெழுத்திட்ட ஒப்பந்தம் சீன மொழியில் இருந்தது. அதோடு ஓர் ஆங்கிலச் சுருக்கம். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் சீன மொழிப் படியே செல்லும் என்று ஒரு வரி. அந்தச் சீனப் படியில் ஆன்ட்டி-டி பற்றி ஒரு சொல்கூட இல்லை. இது பின்னால் கணவரின் அலுவலகத் தோழர் ஒருவர் வரிவரியாகப் படித்துச் சொன்னபோது தெரிந்தது. விற்பதற்கு ஒரு தாள், கையெழுத்துக்கு வேறு தாள். இது கவனப்பிசகு என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

இருபது வாரம் வரை எல்லாம் இனிமையாகப் போனது. பூங்கொத்து, பழத்தட்டு, புன்னகை. ஊசிக்குத் தேதி கேட்கத் தொடங்கியதும் பேச்சு மாறியது. முதலில் "சரக்கு வந்துகொண்டிருக்கிறது". பிறகு "சுங்கத்தில் நிற்கிறது". கடைசியில் மருத்துவரே, "முதல் குழந்தைதானே, உங்களுக்கு இந்த ஊசி தேவையில்லை. சீனப் பெண்கள் பலர் போட்டுக்கொள்வதில்லை" என்றார். இதில்தான் எனக்கு மிகுந்த கோபம். பாதி உண்மையைச் சொல்லி முழு ஆபத்தை மறைப்பது இது. இந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பது சரி. அடுத்த குழந்தை? வீடியோவில் அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டாவது ஒண்ணு வேணும்னு தோணுச்சுன்னா அப்ப என்ன கண்ணு பண்ணுவே? பெரியம்மாவக் கேட்டுப் பாரு" என்றார்.

இதைவிட மோசமானது அடுத்து நடந்தது. விடாமல் கேட்டதும் ஆலோசகர் தனியாக ஒரு வீசாட் எண் கொடுத்தார். ஹாங்காங்கிலிருந்து பொருள் வாங்கிக் கைப்பையில் கொண்டுவந்து தரும் ஆள். ஓர் ஊசி 6,000 யுவான், பேக்கேஜுக்கு வெளியே. இந்த ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில்தான் வைத்திருக்க வேண்டும். ஷென்ஜென் வெயிலில், எல்லை வரிசையில், யாரோ ஒருவருடைய பைக்குள் எத்தனை நேரம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அது உண்மையான மருந்துதானா என்பதையாவது யார் சொல்வது? கெட்டுப்போன ஊசியைப் போட்டுக்கொண்டு பாதுகாப்பாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வது, போடாமல் இருப்பதைவிட ஆபத்து. நான் மறுத்துவிட்டேன். தயவுசெய்து நீங்களும் அந்த வழிக்குப் போகாதீர்கள். கொண்டுவந்தாலும் பயனில்லை. வெளியிலிருந்து எடுத்துவரும் மருந்தைச் செலுத்தப் பல மருத்துவமனைகளில் மறுத்துவிடுவார்கள்.

அங்கிருந்து விலகி ஒரு அரசு மருத்துவமனையின் சிறப்புப் பிரிவுக்குப் போனோம். சீனாவில் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும், தாமதமாகப் போனால் இடம் கிடைப்பது சிரமம். எல்லா அறிக்கைகளையும் கோப்பாக எடுத்துப் போனதால் சேர்த்துக்கொண்டார்கள். பூங்கொத்து கிடையாது, கூட்டம் நெருக்கியடிக்கும், ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஆனால் அந்தப் பெண் மருத்துவர் கோப்பைப் புரட்டியதும் சொன்ன முதல் வாக்கியம்: "அந்த ஊசி எங்களிடம் இல்லை, ஹாங்காங் போங்கள். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து அன்றைக்கே வகை பார்த்துச் சொல்கிறோம்." இந்த நேர்மைக்குக் கூடுதல் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. அவரை நான் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொள்வேன்.

28ஆவது வாரத்து ஊசிக்கு ஹாங்காங்கில் ஒரு தனியார் மகப்பேறு மருத்துவரிடம் நேரம் வாங்கினோம். கேட்டவை ரத்த வகை அறிக்கையும், என் உடம்பில் எதிர்ப்புப் பொருள் ஏற்கெனவே உண்டாகவில்லை என்று காட்டும் பரிசோதனையும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு ஹாங்காங் விசா வேண்டாம். வயிறு பெரிதாகத் தெரியும் நிலையில் குடிவரவு அதிகாரிகள் பிரசவத்துக்கா வருகிறீர்கள் என்று கேட்கக்கூடும். மருத்துவரின் நேரச் சீட்டையும் திரும்பும் டிக்கெட்டையும் கையில் வைத்திருங்கள். ஷென்ஜெனின் ஃபூத்தியன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஹாங்காங்கின் மேற்கு கவுலூன் கால் மணி நேரம்தான். போய், போட்டு, அன்றே திரும்பினோம்.

இரண்டாவது ஊசிதான் கொடுமை. மகள் பிறந்தாள். மாலையே சொல்லிவிட்டார்கள், பாசிட்டிவ். அவள் பிறந்த நேரத்திலிருந்து 72 மணிதான் கெடு. பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் கிடையாது, எல்லையைத் தாண்ட முடியாது. எனவே நான் மட்டும் போக வேண்டும். தையல் ஆறாத உடம்போடு, பால் கட்டிய மார்போடு, மறுநாள் காலையில் ஷென்ஜென் வளைகுடாச் சோதனைச்சாவடி வழியாகக் காரில் கிளம்பினேன். கணவர் என்னோடு வந்தார். மகளை அம்மா பார்த்துக்கொண்டார். அம்மாவுக்குக் கொடுத்திருந்தது ஒருமுறை நுழையும் விசா. ஹாங்காங் போனால் சீனாவை விட்டு வெளியேறியதாகவே கணக்கு, திரும்பி வர முடியாது. கிளம்பும்போது தாதியர் வழிமறித்துத் திட்டினார்கள். சீனாவிலும் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வெளிக்காற்றுப் படக் கூடாது. அம்மாவும் அதையேதான் சொன்னார், ஆனாலும் என் காதில் பஞ்சு வைத்துத் தலையில் துண்டைச் சுற்றி அனுப்பிவைத்தார். சாவடியில் வரிசையில் நின்றபோது எனக்கு அழுகை அடங்கவில்லை. அதிகாரி ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஊசி போட்டு, சிறிது நேரம் உட்காரவைத்துப் பார்த்து அனுப்பினார்கள். இருட்டுவதற்குள் மகளிடம் வந்துவிட்டேன்.

இந்த நாள் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் ஹாங்காங்கிலேயே பிரசவம் வைத்துக்கொண்டிருப்போம், அல்லது ஏழாம் மாதத்தில் நியூஜெர்சிக்குப் போயிருப்போம். அந்த வாய்ப்பு இரண்டையும் எங்களிடமிருந்து பறித்தது "பேக்கேஜில் சேர்ந்தது" என்ற பொய். பணம் போனதைவிட இதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, இருபது வாரத்துக்குப் பின் பேக்கேஜை ரத்து செய்ய முடியாது என்றார்கள். வீசாட் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். பேசியதெல்லாம் என் கைபேசியில் இருந்தது. நல்லவேளையாக ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்திருந்தேன். இன்ஷூரன்ஸ் நிறுவனமும் கைவிரித்தது. மருத்துவமனை தந்தது வெறும் ரசீது, வரித்துறையின் முறையான பில்லான ஃபாபியாவ் இல்லை. பேக்கேஜ் முடிந்த பிறகுதான் ஃபாபியாவ் என்று வாயால் சொல்லியிருந்தார்கள். நுகர்வோர் எண் 12315, நகர உதவி எண் 12345 இரண்டிலும் புகார் கொடுத்தோம். நுகர்வோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, ஏமாற்றி விற்றால் விலையைப் போல மூன்று மடங்கு இழப்பீடு கேட்கலாம் என்கிறது. ஒப்பந்தத்தைப் படித்துச் சொன்ன அந்த அலுவலகத் தோழர் அதைக் குறிப்பிட்டு, ஆங்கிலத் தாளையும் சீன ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கடிதம் எழுதினார். அதுவரை தொலைபேசியே எடுக்காதவர்கள் அடுத்த வாரமே சமரசத்துக்கு வந்தார்கள். பயன்படுத்தாத சேவைகளுக்கான தொகை திரும்பி வந்தது. மீதிக்கும், ஹாங்காங் செலவுக்கும் இன்னும் பேச்சு நடக்கிறது.

இன்னொன்றும் அவர்கள் விற்கப் பார்த்தார்கள்: குழந்தைக்கு "அமெரிக்கப் பாஸ்போர்ட் சேவை", 8,000 யுவான். வாங்காதீர்கள். வெளிநாட்டில் பிறந்த அமெரிக்கக் குழந்தைக்கான தூதரகப் பிறப்பு அறிக்கைக்குக் கட்டணம் 100 டாலர், அதை நீங்களே விண்ணப்பிக்கலாம். ஷென்ஜென் இருக்கும் குவாங்டோங் மாகாணத்தில் வசிப்பவர்கள் குவாங்ஜோ துணைத் தூதரகத்துக்குக் குழந்தையோடு நேரில் போக வேண்டும், உங்களுக்குப் பதில் எந்த ஏஜென்டும் போய் நிற்க முடியாது. அதைவிட அவசரமானது, குழந்தை பிறந்து 60 நாளுக்குள் உள்ளூர்க் குடிநுழைவு அலுவலகத்தில் தங்கும் பதிவு செய்வது. அதற்குப் பாஸ்போர்ட் தேவைப்படும் என்பதால் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே தூதரகத்தில் நேரம் பிடியுங்கள்.

நெகட்டிவ் உள்ளவர்கள் முதலில் கணவரின் வகையைச் சரிபாருங்கள். அவரும் நெகட்டிவ் என்றால் இந்த ஊசி தேவைப்படாது. தேவை என்றால், எந்த மருத்துவமனையிலும் மருந்தின் பெயரையும், எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, எந்தத் தேதிக்குப் போடுவார்கள் என்பதையும் சீன ஒப்பந்தத்திலேயே எழுதி, சிவப்பு முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். இடையில் ரத்தக்கசிவு, கீழே விழுதல், கருச்சிதைவு எது நடந்தாலும் ஊசி உடனே தேவைப்படலாம். ஆகவே ஹாங்காங் மருத்துவர் ஒருவரின் எண்ணை மூன்றாம் மாதத்திலேயே வாங்கி வையுங்கள்.

புகாருக்கு எழுதிய சீன மொழிக் கடிதம் என்னிடம் இருக்கிறது, எங்கள் பெயர்களை நீக்கிவிட்டுக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். 28 வாரத்தை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றே ஹாங்காங்கில் நேரம் வாங்குங்கள்.