ஒரே வேலை, இரண்டு முறை: லோயர் ஆர்ம் மாற்றிய அனுபவம்

என் காரின் முன்பக்க லோயர் ஆர்ம்களை (சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கைகள்) வீட்டிலேயே இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை போட்டவற்றின் ரப்பர் புஷ் (ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் உருளை) 18,000 கிலோமீட்டரிலேயே கிழிந்துவிட்டது. இரண்டாம் முறை போட்டவை 46,000 கிலோமீட்டர் ஓடியும் உறுதியாக இருக்கின்றன. இரண்டு முறையும் ஒரே தயாரிப்புதான். போல்ட்டை எந்த நிலையில் இறுக்கினேன் என்பதில்தான் வித்தியாசம்.

ஆரம்பத்தில் சின்னப் பள்ளங்களில் மெதுவாகப் போனால் லொடலொடவென்று சத்தம் வரும். பிரேக் பிடித்தால் அடியில் 'டொக்' என்று ஒரு இடி, ஸ்டியரிங்கும் லேசாக ஒரு பக்கம் இழுக்கும். ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து அசைத்தேன். ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தது. இடமும் வலமும் பிடித்து அசைத்ததில் ஆட்டமே இல்லை, அதனால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைத் தொடவில்லை. ஆர்மின் பின்பக்க புஷ்ஷை நீளமான கம்பியால் நெம்பிப் பார்த்தால் ரப்பர் பாதிக்கு மேல் பிளந்து கிடந்தது.

புஷ்ஷை மட்டும் மாற்ற அதை அழுத்தி ஏற்றும் பிரஸ் மெஷின் வேண்டும். புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் சேர்ந்தே வரும் முழு ஆர்மாக இரண்டு பக்கத்துக்கும் வாங்கினேன், கூடவே ஸ்டெபிலைசர் லிங்க்குகளும் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டுகள்). கழற்றுவதில் பொறுமையைச் சோதித்தது லிங்க்தான். துருப்பிடித்த நட்டைத் திருப்பினால் அதோடு தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் நுனியில் உள்ள குழியில் ஆலன் கீயை விட்டுப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தது ரொம்ப உதவியது. பால் ஜாயின்ட் வராமல் அடம்பிடித்தபோது, நட்டை நுனி வரை தளர்த்தி அப்படியே விட்டுவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் விட்டுக்கொடுத்தது.

சரி, தவறு எங்கே? சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டேன். இந்த வகை புஷ்ஷுக்குள் எதுவும் வழுக்கிச் சுழலாது. உள்ளே உள்ள இரும்புக் குழாயை போல்ட் அசையாமல் பிடித்துக்கொள்ளும், ஆர்ம் மேலும் கீழும் போகும்போது நடுவில் உள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு அப்படியே இருக்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் கூடும். 18,000 கிலோமீட்டர் தாக்குப்பிடித்ததே பெரிது.

இரண்டாம் முறை, காரைத் தூக்குவதற்கு முன்பே சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொண்டேன். என் காரில் 36 சென்டிமீட்டர். எல்லாவற்றையும் மாட்டி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் பிடிக்க வைத்து, அப்புறம் பால் ஜாயின்ட்டுக்குக் கீழே ஜாக் கொடுத்து அதே 36 வரும் வரை மெதுவாக உயர்த்தினேன். ஸ்டாண்டை விட்டு கார் எழும்பாமல் கவனித்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது. அந்த உயரத்தில் வைத்துத்தான், சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினேன். பழைய லாக் நட்டுகளை மறுபடி பயன்படுத்தவில்லை, எல்லாம் புதிது. மறுநாளே வீல் அலைன்மென்ட்.

நான்கு வருடமாகிறது. பிரேக் பிடித்தால் கார் நேராக நிற்கிறது, முன் டயர்கள் இரண்டு ஓரமும் ஒரே சீராகத் தேய்கின்றன. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டார்ச் அடித்து புஷ்களைப் பார்க்கிறேன், இதுவரை ஒரு வெடிப்பு இல்லை. லிங்க்குகள் மட்டும் 30,000 தாண்டியதும் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தன. அரை மணி நேர வேலை என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது காரை நிறுத்தி ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடது பக்க ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) மேல் பேரிங் 'டங்' என்கிறது. அதை மாற்ற சுருள் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நடு நட்டைக் கழற்ற வேண்டும். பிடி நழுவினால் ஸ்பிரிங் சிதறி ஆளையே கொல்லக்கூடும். அதனால் ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றுவதோடு நான் நின்றுகொண்டு, பேரிங் மாற்றுவதை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கப் போகிறேன்.