மோயின்ஜி ஏரிப் படகுச் சவாரி: வெயிலில் படமெடுப்போருக்கு

மியான்மரில் பெகு பக்கத்து மோயின்ஜி 2004 முதல் ராம்சார் தலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் குவியும் அருமையான இடம். ரங்கூனிலிருந்து போகிறவர்கள் படகுக்குக் கட்டாயம் காசு கொடுங்கள். கரையிலிருந்து எடுத்தால் கானலில் இறகுகள் மசமசவென்றாகும். 600 மிமீ லென்ஸும் உதவாது.

இஞ்சின் அதிர்வுதான் குறை. பறவை அருகே அணைக்கச் சொல்லுங்கள். படகு ஓடும்போது ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறைய வேண்டாம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

கரும்பச்சைப் புல் முன் நிற்கும் கொக்கைத் தானியங்கி அளவீடு வெளுக்கவைத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தில் பாதி) குறையுங்கள், ஹிஸ்டோகிராம் என்னும் வெளிச்ச வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பாருங்கள். நீலத் தாழைக்கோழிக்கு அந்தக் குறைப்பு வேண்டாம், கறுத்துவிடும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும்; பறக்கும் பறவைக்குக் கழற்றிவிடுங்கள்.

விடியற்காலைச் சவாரிக்கு முழு மதிப்பெண். பத்து மணிக்கு மேல் படமெடுக்கப் போவது வீண்.