பழைய காருக்கு புரொஜெக்டர் ஹெட்லைட்: பை-செனானா, பை-எல்இடியா?

பழைய காரோட ஹெட்லைட்ட வீட்லயே பிரிச்சு உள்ள புரொஜெக்டர், அதாவது லென்ஸ் வழியா வெளிச்சத்த குவிச்சு அடிக்கற அமைப்பு, வைக்கலாம்னு முடிவு பண்ணிட்டா அடுத்த கேள்வி ஒண்ணுதான், பை-செனான் வைக்கறதா பை-எல்இடி வைக்கறதா. பை-ன்னா ஒரே புரொஜெக்டர்லயே டிம்மும் பிரைட்டும் வர்றது. நான் பை-செனான்தான் வச்சேன், டி2எஸ்ங்கற செனான் பல்பு போடற வகை, இழைக்கு பதிலா வாயுக்குள்ள மின்சுடர் எரியற பல்பு அது. இன்னைக்கு யாரைக் கேட்டாலும் எல்இடின்னுதான் சொல்றாங்க, வெளிச்சத்த மட்டும் பாத்தா அவங்க சொல்றது தப்பும் இல்ல. ஆனா பதினஞ்சு இருபது வருஷம் ஓடின கார்னா வேற ஒரு விஷயம் முன்னாடி வந்து நிக்குது, அத நான் ரொம்ப யோசிச்சுதான் செனான் பக்கம் வந்தேன்.

மத்த வழிகள முதல்ல சுருக்கமா பாத்துடலாம். இருக்கற ரிஃப்ளெக்டர் யூனிட்லயே எல்இடி பல்போ எச்ஐடி (செனான்) கிட்டோ சொருகறது, இது வேண்டவே வேண்டாம். பழைய கார்கள்ல வர்ற எச்4 ஹாலஜன் பல்புல டிம்முக்கான இழைக்குக் கீழ ஒரு சின்ன தகடு இருக்கும், வெளிச்சம் எங்க போகணும் எங்க போகக்கூடாதுன்னு அந்தத் தகடும் இழை இருக்கற இடமும்தான் தீர்மானிக்குது. ரிஃப்ளெக்டர் முழுக்க அந்த கணக்குலதான் செஞ்சிருப்பாங்க. அங்க வேற அளவு வேற வடிவத்துல ஒரு ஒளி மூலத்த வச்சா எதிர்ல வர்றவங்க கண்ணுலதான் அடிக்கும், நமக்கு முன்னாடி தரை மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சு தூரம் இருட்டா இருக்கும். ரெடிமேடா புரொஜெக்டர் வச்சு, கார் கம்பெனி இல்லாம மத்தவங்க செஞ்சு விக்கற யூனிட்டுகள்ல பலதுல லென்ஸ் பாக்க அழகா இருக்கும், பீம் மோசமா இருக்கும், முன்பக்க பிளாஸ்டிக்கும் சீக்கிரம் மஞ்சளாகும்.

ஊருக்குள்ள மட்டும் ஓட்டறவங்களுக்கு உண்மைல இது எதுவுமே தேவையில்ல. முன்பக்கத்த நல்லா பாலிஷ் பண்ணி, பேட்டரில இருந்து நேரா ரிலே வச்சு தடிமனான வயர் இழுத்தாலே போதும். ஹாலஜன் பல்புக்குப் போற வோல்டேஜ் 10 சதவீதம் கொறஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் வரைக்கும் கொறையும், பழைய கார்ல ஸ்விட்ச் வழியா சுத்தி வர்ற மெல்லிசு வயர்ல இவ்வளவு இழப்பு சாதாரணம். ராத்திரில வெளியூர் ரோட்ல நெறைய ஓட்டறவங்களுக்குத்தான் புரொஜெக்டர் வேலை.

புரொஜெக்டர் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு வார்த்தை. உள்ள நீள்வட்ட வடிவ ரிஃப்ளெக்டர் ஒண்ணு, அதோட ஒரு குவியத்துல பல்பு, இன்னொரு குவியத்துக்கிட்ட ஒரு தடுப்புத் தகடு, அதுக்கு முன்னாடி லென்ஸ். தகடோட மேல் விளிம்பத்தான் லென்ஸ் தலைகீழா ரோட்ல காட்டுது, சுவத்துல கத்தியால வெட்டின மாதிரி ஒரு கோடு தெரியறது அதனாலதான். பை-செனான்ல பிரைட் போட்டா சோலினாய்டுங்கற சின்ன மின்காந்தம் அந்தத் தகட்ட கீழ இழுக்கும், ஒரே பல்புலயே டிம்மும் பிரைட்டும் வந்துடும்.

இப்போ ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா பல விஷயத்துல எல்இடி முன்னாடி நிக்குது. போட்ட உடனே முழு வெளிச்சம், செனான் சூடாகி நெலைக்கு வர சில நொடி ஆகும். பகல்ல லைட் ஆஃப்ல இருக்கறப்ப பிரைட் அடிச்சு சைகை காட்டறதுக்கு செனான் சரிப்படாது, அடிக்கடி அப்படி ஆன் ஆஃப் பண்ணா பல்பு ஆயுசும் கொறையும். உயர் வோல்டேஜ் தொல்லையும் எல்இடில கெடையாது, செனான் பத்தவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல வேணும், அதனால ஸ்விட்ச் ஆன்ல இருக்கறப்ப அந்த வயர் பக்கமே கை போகக்கூடாது. வயரிங்கும் எல்இடிக்கு சுலபம்.

வெளிச்ச அளவுன்னு பாத்தா, 55 வாட் எச்7 ஹாலஜன் சுமார் 1500 லூமன் (மொத்த வெளிச்சத்தோட அளவு) குடுக்கும், 35 வாட் டி2எஸ் சுமார் 3200 லூமன் குடுக்கும். எல்இடி புரொஜெக்டர் டப்பால போட்டிருக்கற லூமன் கணக்க நான் நம்பறதில்ல, பாதி நேரம் அது சிப் குடுக்கற கணக்கு, லென்ஸ தாண்டி வெளிய வர்றது இல்ல. ஆனா நல்ல பை-எல்இடி ஒண்ண நேர்ல பாத்தா, நடுவுல விழற அந்த அடர்த்தியான வெளிச்சம் செனானுக்கு சமமாவோ அதுக்கு மேலயோ இருக்குன்னு ஒத்துக்கத்தான் வேணும்.

அப்புறம் ஏன் செனான்? பின்னாடி ஒரு நாள் ரிப்பேர் வரும்போது ஹெட்லைட்ட திரும்பப் பிரிக்கணுமா வேண்டாமா, இந்த ஒரு கேள்விதான் எனக்கு எல்லாத்தையும் முடிவு பண்ணுச்சு.

பழைய யூனிட்ட பிரிக்கறது எவ்வளவு பெரிய வேலைன்னு ஒரு தடவ செஞ்சவங்களுக்குத் தெரியும். முன்பக்க பாலிகார்பனேட்டும் பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் உடம்பும் பியூட்டைல் பசையால ஒட்டியிருக்கும். ஸ்க்ரூ, பல்பு, மூடி எல்லாம் கழட்டிட்டு சுமார் 100 டிகிரி சூடு குடுத்தா பசை இளகும், அந்த சூடு இருக்கறப்பவே நெம்பிப் பிரிக்கணும், ஆறிடுச்சுன்னா திரும்ப சூடு பண்ணணும். சமையலுக்கு வச்சிருக்கற ஓவன இதுக்குப் பயன்படுத்தாதீங்க, தனியா ஒண்ணு இல்லன்னா ஹீட் கன் வச்சு சுத்தி சுத்தி பொறுமையா செய்யலாம். சில கம்பெனிக இளகவே இளகாத பாலியூரித்தேன் பசை போட்டிருப்பாங்க, அத அறுத்துத்தான் எடுக்கணும், அப்படிப்பட்ட யூனிட்ட வீட்ல தொடாம இருக்கறதே நல்லது.

வயசான பிளாஸ்டிக்ல ஓரத்துல இருக்கற லாக்கெல்லாம் காஞ்சு உடையற நெலைல இருக்கும். வருஷக்கணக்கா இஞ்சின் சூட்லயும் வெயில்லயும் வெந்தது அது. முதல் தடவ பத்திரமா வந்துடும், ரெண்டாவது தடவ ஒண்ணு ரெண்டு லாக் போகும், சுத்தி இருக்கற பள்ளம் லேசா வளையும். அதுக்கப்புறம் எவ்வளவு புது பியூட்டைல் வச்சாலும் எங்கயாவது ஒரு மூலைல ஈரம் உள்ள வரும். ஈரம் வந்தா ரிஃப்ளெக்டர் பூச்சு உரியும், கனெக்டர் பச்சை பிடிக்கும். அந்த காருக்கு ஒரிஜினல் யூனிட்டு புதுசா கெடைக்கறது நின்னு போயிருக்கும், அதனால கைல இருக்கற ஜோடிதான் கடைசி ஜோடின்னு நெனச்சுதான் வேலை செய்யணும்.

இந்த எடத்துலதான் டி2எஸ் ஜெயிக்குது. தேயற பொருள் பல்பும், அதுக்கு உயர் வோல்டேஜ் குடுத்து எரியவைக்கற பேலஸ்ட் பெட்டியும். பல்ப பின்பக்க மூடிய கழட்டி மாத்திடலாம், பேலஸ்ட் யூனிட்டுக்கு வெளிய ஃபெண்டர் பக்கம் எங்கயாவது உக்காந்திருக்கும். பசை வச்சு ஒட்டின சீலை, அதாவது முன்பக்கத்தோட ஓரத்த, தொடவே வேண்டாம். பல்பும் திடீர்னு போறது கொறைவு, வயசாக ஆக வெளிச்சம் மங்கும், நெறம் மாறும், சிலது அப்பப்ப அணைஞ்சு எரியும், அதப் பாத்தே மாத்த நேரம் வந்துடுச்சுன்னு தெரிஞ்சுக்கலாம். மாத்தறப்ப ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க, ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டா நெறம் ஒத்துப்போகாது. கண்ணாடிப் பகுதிய வெறும் கையால தொடாதீங்க.

டி2எஸ் ஒரு பொது அளவு. செனான் ஹெட்லைட் 1991ல பிஎம்டபிள்யூ 7 சீரிஸ்ல வந்தது, அதுக்கப்புறம் இந்த டி2எஸ் எத்தனையோ கார்ல கம்பெனியே போட்டு வந்துச்சு. பிலிப்ஸ் வாங்கினாலும் ஓஸ்ராம் வாங்கினாலும் அதே ஹோல்டர்ல அதே எடத்துலதான் சுடர் நிக்கும், அளவு அப்படி கட்டுப்படுத்தி வச்சிருக்காங்க. 4300 கெல்வின் (வெளிச்சத்தோட நெறத்தச் சொல்ற அளவு) பக்கமே வாங்குங்க, நீலமா தெரியற பல்புல வெளிச்சம் கொறைவு, மழை ரோட்ல அது நல்லாவே தெரியும்.

பை-எல்இடில சிப்பும், சூட்ட உறிஞ்சற உலோகப் பகுதியான ஹீட் சிங்க்கும், ஃபேனும் புரொஜெக்டரோட ஒரே உடம்பு. டிரைவர்னு சொல்ற, மின்சாரத்த கட்டுப்படுத்தற சர்க்யூட் மட்டும் சில மாடல்ல வெளிய இருக்கும். சிப் போச்சுன்னா, ஏன் ஃபேன் நின்னு போச்சுன்னாகூட, திரும்ப சூடு பண்ணி பிரிக்கணும். அதே மாடல் கெடைக்கணும், கார் கம்பெனி இல்லாம மத்தவங்க செய்யற இந்த புரொஜெக்டர்கள்ல மாடல் மாறிகிட்டே இருக்கு, கெடைக்கலன்னா பிராக்கெட் அளவு மாறும், பீம் மாறும், நல்லா இருக்கற இன்னொரு பக்கத்தையும் சேத்துப் பிரிக்க வேண்டி வரும். ஒரு சிப் செத்ததுக்கு ரெண்டு யூனிட்டோட சீலும் போகுது.

சூடும் இதோட சேர்ந்த விஷயம்தான். எல்இடியோட சூடு முன்னாடி போகாது, பின்பக்கம் ஹீட் சிங்க்லதான் தேங்கும். அந்த ஹீட் சிங்க் மூடின சின்ன பெட்டிக்குள்ள, பக்கத்துல இஞ்சின் சூட்டோட உக்காந்திருக்கு, ஃபேன் அதே சூடான காத்தத்தான் சுத்திவிடும். காத்து வரட்டும்னு பின்மூடிய எடுத்து வச்சா தூசியும் தண்ணியும் உள்ள போகும். எல்இடியே வச்சு கம்பெனில இருந்து வர்ற கார்கள்ல, 2007ல லெக்சஸ் எல்எஸ் 600எச்ல தொடங்கினது இது, யூனிட்டு முழுசையும் அந்த சூட்டுக்குன்னே வடிவமைச்சாங்க, நம்ம பழைய பெட்டி அப்படி இல்ல.

எல்இடிய நீண்ட காலம் நான் சொந்தமா ஓட்டிப் பாத்ததில்ல. நண்பர் ஒருத்தர் காருக்கு வைக்கறப்ப கூட இருந்தேன், இதுவரைக்கும் அதுல ஒரு குறையும் இல்ல, இன்னும் பல வருஷம் அப்படியே ஓடினா மேல எழுதின பயம் அவருக்குத் தேவையில்லாததா போயிடும். இன்னொரு பக்கம், புது கார்கள்ல செனான் போடறது கொறைஞ்சுகிட்டே வருது, அதனால நல்ல பல்பு வாங்கறது ஒரு காலத்துல கஷ்டமாகலாம். நான் ஒரு ஜோடி பல்பும் ஒரு பேலஸ்ட்டும் வாங்கி எடுத்து வச்சிருக்கேன்.

செனான்னு முடிவு பண்ணா அதுலயும் ஒரு பிரிவு இருக்கு. எச்1 பல்பு போடற சின்ன 2.5 இஞ்ச் புரொஜெக்டர், ஹெட்லைட்ல ஏற்கனவே இருக்கற பல்பு ஓட்டை வழியா உள்ள வந்து பின்னாடி நட்டு போட்டு நிக்கும், ரிஃப்ளெக்டர வெட்ட வேண்டாம், வேலை பாதிதான். ஆனா எச்1 அளவுல வர்ற எச்ஐடி பல்புக்கு அப்படி ஒரு பொது தரம் கெடையாது, ஒவ்வொண்ணுலயும் சுடர் நிக்கற எடம் லேசா மாறும், பல்பு மாத்தினா பீமும் மாறலாம். அதனாலதான் ரிஃப்ளெக்டர வெட்டி பிராக்கெட் செஞ்சாலும் பரவாயில்லன்னு டி2எஸ் எடுத்தேன். ஹெல்லா, கோய்ட்டோ மாதிரி கம்பெனிக செஞ்சு, பழைய கார்ல இருந்து கழட்டி வர்ற புரொஜெக்டர்களும் நல்ல தேர்வு, உள்ள இருக்கற பூச்சு கருகியிருக்கான்னு மட்டும் பாத்து வாங்குங்க. வண்டி இடப்பக்கம் ஓடற நாட்டுக்கு கோடு இடப்பக்கம் மேல ஏறணும், வலப்பக்கம் ஓடற நாட்டுக்கு வலப்பக்கம், இத மாத்தி வாங்கிட்டா எதிர்ல வர்றவங்க கண்ணுலதான் நேரா அடிக்கும்.

எத வச்சாலும் முன்பக்கத்த ஒட்டறதுக்கு முன்னாடியே கார்ல மாட்டி சுவத்துல அடிச்சுப் பாருங்க, கோடு சாய்ஞ்சிருந்தா அப்பவே திருப்பி இறுக்கணும், ஒட்டினப்புறம் முடியாது. 10 மீட்டர் தூரத்துல கோடு லென்ஸ் நடு உயரத்த விட சுமார் 10 சென்டிமீட்டர் கீழ இருக்கணும். ஒட்ட பியூட்டைல்தான், புளிப்பு வாடை அடிக்கற சிலிக்கான் வேண்டாம், அது காயறப்ப வர்ற ஆவி ரிஃப்ளெக்டர் பூச்ச கெடுக்கும், அடுத்த தடவ பிரிக்கவும் விடாது. சட்டத்தையும் கேட்டுக்குங்க, ஹாலஜன் யூனிட்டுக்குள்ள வேற ஒளி மூலம் வைக்கறத நெறைய நாடுகள்ல ஒத்துக்க மாட்டாங்க. ஐரோப்பிய விதிகள்ல 2000 லூமனுக்கு மேல போற டிம்முக்கு தானா சாய்வு சரி பண்ற அமைப்பும் வாஷரும் கேப்பாங்க, 35 வாட் டி2எஸ் அந்த எல்லைய நல்லாவே தாண்டுது.

இன்னொரு வகை பழைய யூனிட்டுகள் இருக்கு, முன்னாடி நெஜ கண்ணாடி, சுத்தி ரப்பர் கேஸ்கெட், அத இரும்பு கிளிப்பு பிடிச்சிருக்கும். பசையும் இல்ல சூடும் வேண்டாம், கிளிப்ப நெம்பினா கண்ணாடி கைக்கு வந்துடும். உங்க கார்ல இது இருந்தா நான் மேல சொன்ன காரணம் பாதிக்கு மேல அடிபட்டுப் போகுது, எல்இடி போனாலும் நிதானமா கழட்டி மாத்திக்கலாம், அப்போ நானே பை-எல்இடிதான் எடுப்பேன். ஆனா அந்தக் கண்ணாடில பெரும்பாலும் வரி வரியா செதுக்கியிருக்கும், வெளிச்சத்த பரப்பறதுக்குன்னு வச்சது அது, புரொஜெக்டரோட கோட்ட அது கலைச்சுடும். அதே அளவுல வரி இல்லாத வெறும் கண்ணாடி உங்க மாடலுக்கு கெடைக்குதான்னு முதல்ல தேடுங்க, கெடைச்சப்புறம் புரொஜெக்டர் வாங்குங்க.