ட்ரெல்லோ: மாணவர் நல அலுவலகத்துக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

அரங்கத்துக்கு அனுமதி வாங்கியாயிற்று என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பார். கடிதமோ இன்னொருவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கும். மாணவர் நல அலுவலகத்தில் நிகழ்ச்சிகள் சொதப்புவது பெரும்பாலும் இப்படித்தான். யாரிடம் எது நிற்கிறது என்பதை ஒரே திரையில் காட்டுவதில் 2011-இல் வந்த ட்ரெல்லோ என்ற இணையவழிப் பணிப்பலகைச் செயலி இன்றும் நன்றாகவே உழைக்கிறது.

ட்ரெல்லோவின் பலகைக்குப் போர்டு என்று பெயர். அதில் 'செய்யவேண்டியவை', 'செய்துகொண்டிருப்பவை', 'பிறர் பதிலுக்குக் காத்திருப்பவை', 'முடிந்தவை' என நான்கு லிஸ்ட் (நெடுவரிசை) போதும். ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு; நிலை மாறும்போது அதை அடுத்த லிஸ்ட்டுக்கு நகர்த்தவேண்டும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். கையெழுத்து, நிதி ஒப்புதல், விருந்தினர் பதில் எல்லாம் தேங்குவது அங்கேதான். பொறுப்பாளர் வாரத்தில் ஒருநாள் அந்த லிஸ்ட்டை மட்டும் எடுத்து, ஒவ்வொரு கார்டிலும் கடைசியாக யாரை, என்றைக்குக் கேட்டோம் என்று கேட்டாலே பாதி முடிச்சு அவிழும். கூட்டம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டாது.

ஒரு கார்டில் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். சேர்க்காதீர்கள். நான்கு பெயர் இருந்தால் நால்வருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். ஒரு கார்டுக்கு ஒரே பெயர். தலைப்பும் 'ஆண்டு விழா' என்று இல்லாமல், 'ஒலிபெருக்கிக்காரரிடம் விலைப்புள்ளி வாங்குவது' என்று செய்யவேண்டிய வேலையாக இருக்கட்டும்.

கெடு தேதியில் ஒரு சிக்கல் உண்டு. நினைவூட்டலை அதிகபட்சம் இரண்டு நாள் முன்னதாகத்தான் வைக்க முடியும். விழா நாளையே கெடுவாகப் போட்டால், அரங்கம் பதிய மறந்தது தெரியவரும்போது ஒன்றும் செய்ய முடியாது. எனவே அரங்கம் (21 நாள் முன்), அழைப்பிதழ் (14), உணவு எண்ணிக்கை (5) ஆகியவற்றைத் தனித்தனிக் கார்டுகளாக்கி, அவரவர் பெயரும் தேதியும் போடுங்கள். ஒரே கார்டின் செக்லிஸ்ட்டுக்குள் (சரிபார்ப்புப் பட்டியல்) புதைத்தால் கண்ணில் படாது. ஆண்டுதோறும் வரும் நிகழ்ச்சிகளுக்கு டெம்ப்ளேட் (மாதிரி) கார்டு வைத்துக்கொண்டால் அடுத்த முறை நகலெடுத்தால் போதும்.

'செய்துகொண்டிருப்பவை' லிஸ்ட்டில் ஆளுக்கு மூன்று கார்டுக்கு மேல் வேண்டாம். லிஸ்ட் லிமிட்ஸ் என்ற பவர்-அப் (கூடுதல் வசதி), லிஸ்ட்டின் மொத்தக் கார்டுகள் நாம் வைத்த வரம்பைத் தாண்டினால் நிறம் மாற்றிக் காட்டும், ஆனால் ஆளுக்கு எத்தனை என்று பார்க்காது, தடுக்கவும் செய்யாது. 'இதில் ஒன்றை நிறுத்திவிட்டு அதை எடுங்கள்' என்று சொல்லவேண்டியவர் பொறுப்பாளர்தான்.

இலவசத் திட்டத்தில் ஒரு ஒர்க்ஸ்பேஸுக்கு (ஒரு குழுவின் போர்டுகள் அடங்கிய இடம்) பத்துப் பேர், இணைக்கும் ஒரு கோப்புக்கு 10 எம்பி என்பதே வரம்பு. மாணவர் பேரவையினரையும் உள்ளே சேர்த்தால் அந்தப் பத்து உடனே நிரம்பிவிடும். அலுவலகத்தாரை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மனநல ஆலோசனை, ஒழுங்கு நடவடிக்கை, பாலியல் புகார் எதையும் இதில் ஏற்றக்கூடாது. போர்டில் இருக்கும் எல்லாருக்கும் எல்லாக் கார்டும் தெரியும். ஒரு கார்டை மட்டும் மறைக்க வழியில்லை. போர்டு தவறுதலாக 'பப்ளிக்' ஆகிவிட்டால் இணைப்பு கிடைத்த எவரும் படிக்கலாம். அப்படிப்பட்டவற்றுக்கு அணுகலைக் கட்டுப்படுத்தும் தனிக் கோப்பு முறைதான் சரி. நினைவூட்டலுக்காகக் கார்டு வைத்தே ஆகவேண்டுமென்றால், அதில் மாணவர் பெயர்கூட வராமல், கோப்பு எண் மட்டும் இருக்கட்டும்.