நாலு மாரி கண்ட சுவர்கள்: கடும் நீலமும் தந்த நிறமும்

2021 சித்திரை வருசத்துக்கு முன்னர் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிற எங்கட வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். ஹோலுக்குக் கடும் நீலம், அது என் பிடிவாதம். பக்கத்து அறைக்கு யானைத் தந்த நிறம் (ஐவரி), அம்மாவின் தெரிவு. ரெண்டும் ஒரே கம்பனி எமல்ஷன், அடித்ததும் ஒரே பெயின்ட் பாஸ். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கப்போகுதம்மா" என்று நான் சொன்னது இன்னும் வீட்டில் பகிடியாக ஓடுது.

தந்த நிறம் ரெண்டு கோட்டில் மூடிவிட்டது. நீலத்துக்கு மூன்று கோட் போட்டும் ஜன்னலோரம் நின்று பார்த்தால் ரோலர் போன வரி தெரியும். ஆனாலும் வந்தவர்கள் எல்லாம் ஹோலில் நின்றுதான் படம் எடுத்தார்கள்.

2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலக் கரண்ட் கட் வந்ததே, அப்போதுதான் முதல் அடி. அம்மாவின் அறையில் ஒரு மெழுகுதிரி ஏற்றினால் மகள் கொப்பி எழுதுவாள். அதே திரியை ஹோலில் வைத்தால், பக்கத்தில் இருப்பவரின் முகம் மட்டும்தான் தெரியும். வெளிச்சத்தைச் சுவரே குடித்துவிடும்.

அடுத்தது உப்பு. எங்களுக்கு ஒரு புறம் வாவி, மறுபுறம் கடல். மாரியில் நிலத்து ஈரம் சுவரில் ஏறும். தை கழிந்து சுவர் காயும்போது ஈரத்தில் கரைந்த உப்பு வெளியே பூக்கும். தந்த நிறச் சுவரிலும் அது இருக்கு, கையால் தடவினால்தான் நறநறக்கும். நீலத்திலோ முழங்கால் உயரத்துக்குத் திருநீறு பூசின மாதிரி. ஈரத்துணியால் துடைத்தேன். உப்பு போனது, துடைத்த இடம் மினுங்கத் தொடங்கியது, கை போன வளைவு அப்படியே. ஜாம் போத்தலில் எடுத்து வைத்த மிச்சப் பெயின்டைத் தடவினேன். அது வேறு நீலமாக நின்றது.

தந்த நிறமும் சும்மா இல்லை. சுவிட்சைச் சுற்றி விரல் அழுக்கு சவர்க்காரத் தண்ணீருக்குப் போகும். கட்டில் தலைமாட்டில் எண்ணெய்த் தலை சாய்ந்த வட்டம் எதற்கும் போகாது.

ஒன்று சொல்ல வேண்டும்: கச்சான் காற்றுக் காலத்து மத்தியான வெயிலில் இருந்து உள்ளே வந்தால் நீல ஹோல்தான் கண்ணுக்குச் சுகம். கண்ணுக்கு மட்டும், ஃபேன் அதே வேகத்தில்தான் சுற்றவேண்டும்.

"பெயின்டில பிழை இல்ல தம்பி, அடியில ஈரம் தடுக்கிற வேலை செய்யல்ல" என்கிறார் பாஸ். அடுத்த மாரிக்கு முன் கீழ்ப்பூச்சைக் கொத்தி அதைச் செய்யப்போகிறோம். பிறகு ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் மட்டும் நீலம், மற்ற மூன்றும் தந்த நிறம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.