ஒரு ‘நன்றி’க்கு ஒரு ட்ராஃப்ட்: சாட் உதவியையும் ப்ளாகையும் இணைத்த 14 மாதம்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: “உன் சாட்ல வர்ற கேள்வியெல்லாம் தானாவே ப்ளாக்ல ட்ராஃப்ட்டா வந்து உட்காருதாமே, நானும் போட்டுடவா?” ஒரே வரியில் பதில் சொல்ல வரவில்லை. எழுத உட்கார்ந்தேன், இவ்வளவு நீண்டுவிட்டது. இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று பொதுவாகவே எழுதுகிறேன்.

ஏற்பாடு என்னவென்று பலருக்கும் தெரிந்திருக்கும். வாடிக்கையாளரோடு நடந்த உரையாடலை ஏஜென்ட் (பதில் சொல்லும் எங்கள் ஆள்) மூடியதும் சாட் மென்பொருள் ஒரு வெப்ஹூக் (‘இது நடந்தது’ என்று இன்னொரு மென்பொருளுக்குத் தானாகப் போகும் தகவல்) அனுப்பும். நடுவில் இருக்கும் ஆட்டோமேஷன் கருவி அதை வாங்கி, கேள்வியைத் தலைப்பாகவும் பதிலை உடலாகவும் வைத்து, எங்கள் ப்ளாக் ஓடும் வேர்ட்பிரஸில் ஒரு ட்ராஃப்ட் (வெளியிடாத வரைவு) போடும். நாங்கள் திருத்தி வெளியிடுவோம். மூன்று பேர் கொண்ட உதவிக் குழுவில் இதை 14 மாதமாக ஓட்டுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபத்தில் விட்டுப்போய்விடும். நான் எதிர்பாராத லாபம் தலைப்புகள். முன்பெல்லாம் நாங்களாக உட்கார்ந்து எழுதும்போது “கணக்குச் சரிபார்ப்பு நடைமுறை” என்றுதான் தலைப்பு வைப்போம். சாட்டில் வருகிறவர் அப்படியா கேட்கிறார்? “ஓடிபி வரவே இல்லை, இப்ப என்ன பண்றது?” என்கிறார். அந்த வரி அப்படியே தலைப்பாக வந்து நிற்கும்போது, இத்தனை நாள் யாருக்காக எழுதிக்கொண்டிருந்தோம் என்று தோன்றிவிட்டது. இப்போது அந்தக் கேள்விகளை மாற்றுவதே இல்லை, எழுத்துப்பிழை மட்டும் திருத்துகிறோம். தேடி வருகிறவர்கள் அதே சொற்களில்தான் தேடுகிறார்கள்.

நம்பகத்திலும் குறை சொல்ல முடியாது. ஒருமுறை எங்கள் தளம் அரை நாள் படுத்துவிட்டது. ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் கிடைக்கும்வரை கருவி விட்டு விட்டு முயன்றுகொண்டே இருந்து, தளம் எழுந்ததும் எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்தது. ஓர் உரையாடல்கூடத் தொலையவில்லை.

சரி, இப்போது ‘நன்றி’ கதை.

பிரச்சினை தீர்ந்ததும் ஏஜென்ட் உரையாடலை மூடுகிறார். ட்ராஃப்ட் உருவாகிறது. பத்து நிமிடம் கழித்து வாடிக்கையாளர் திரும்பி வந்து “நன்றிங்க, சரியாயிடுச்சு” என்று எழுதுகிறார். பண்பான மனிதர். ஆனால் சாட் மென்பொருளுக்கு அது புதுச் செய்தி. மூடிய உரையாடல் திறந்துகொள்கிறது. ஏஜென்ட் ஒரு புன்னகைக் குறி போட்டு மறுபடியும் மூடுகிறார். ‘மூடப்பட்டது’ என்று மறுபடியும் வெப்ஹூக் போகிறது. அதே கேள்வி, அதே பதில், இரண்டாவது ட்ராஃப்ட். கட்டைவிரல் குறி ஒன்று வந்தால் மூன்றாவது. முதல் மாத முடிவில் ட்ராஃப்ட் பட்டியலைத் திறந்தபோது ஒரே தலைப்பு நான்கு முறை வரிசையாக நின்றது. எந்த நகலில் நாங்கள் ஏற்கெனவே திருத்தம் செய்தோம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

தடுக்க முடியாதா? முடியும் என்று நினைத்தேன். உரையாடல் எண்ணைப் பதிவின் ஸ்லக்காக (அதன் இணைய முகவரியில் வரும் பெயர்) வைத்து, புதிதாகப் போடும் முன் ‘இந்த ஸ்லக் ஏற்கெனவே இருக்கிறதா?’ என்று வேர்ட்பிரஸைக் கேட்கும் ஒரு படியைச் சேர்த்தேன். ‘இல்லை’ என்றே பதில் வந்தது. கண்ணெதிரே ட்ராஃப்ட் இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது. ஒரு முழு மாலை போனபிறகுதான் விளங்கியது: ரெஸ்ட் ஏபிஐயில் (வெளி மென்பொருள்கள் வேர்ட்பிரஸோடு பேசும் வழி) பதிவுகளைக் கேட்டால், எந்த நிலையில் இருப்பவை வேண்டும் என்று ஸ்டேட்டஸ் எதுவும் சொல்லாதபோது வெளியான பதிவுகளை மட்டும்தான் தரும். ட்ராஃப்ட்டும் வேண்டுமென்றால் லாகின் விவரத்தோடு அதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அது தெரியாமல் நாங்கள் போட்டுக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு நகலின் ஸ்லக்கிலும் -2, -3 என்று வால் முளைத்துக்கொண்டிருந்தது.

அதைச் சரிசெய்தேன். இரண்டு வாரம் நிம்மதி. அப்புறம், நாங்கள் ‘இது கட்டுரைக்கு ஆகாது’ என்று குப்பையில் போட்ட ட்ராஃப்ட்டுகள் உயிர்பெற்று வர ஆரம்பித்தன. குப்பைக்குப் போகும் பதிவின் ஸ்லக்கில் ஒரு பின்னொட்டைச் சேர்த்து, பழைய பெயரை வேறு பதிவு எடுத்துக்கொள்ள வேர்ட்பிரஸ் விட்டுவிடும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் என் சோதனைக்கு அந்தப் பெயர் காலியாகத் தெரிகிறது. யாரோ நன்றி சொல்ல, நாங்கள் வேண்டாமென்று தள்ளியது மறுபடி வந்து நிற்கிறது.

மூன்றாவது ஓட்டை எங்கள் பழக்கத்தாலேயே வந்தது. வெளியிடும் முன் ஸ்லக்கை மாற்றிவிடுவோம். தமிழ்த் தலைப்பை அப்படியே விட்டால் ஒவ்வொரு எழுத்தும், ஒவ்வொரு துணைக்குறியும் புள்ளியும்கூட, முகவரியில் 9 இடம் பிடிக்கும். ஸ்லக்குக்கு மொத்தமே 200 இடம்தான். 22 குறிகளோடு வெட்டுப்பட்டு, தலைப்பு பாதியில் நின்றுவிடும். அதனால் சுருக்கமான ஓர் ஆங்கிலச் சொல்லைப் போடுவது வழக்கம். மாற்றிய கையோடு உரையாடல் எண் போய்விடுகிறது, சோதனையும் பயனில்லாமல் போகிறது.

கடைசியில் ஸ்லக்கை நம்புவதையே விட்டேன். தனியாக ஓர் அட்டவணை: ஒரு பத்தியில் உரையாடல் எண், பக்கத்தில் பதிவின் எண். வெப்ஹூக் வந்ததும் முதலில் அங்கே பார், எண் இருந்தால் அத்தோடு நிறுத்து. குப்பையில் போட்டாலும் ஸ்லக்கை மாற்றினாலும் அட்டவணை கலங்குவதில்லை. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

எதிர்த்திசையில் நாங்கள் செய்துவைத்த கூத்தையும் சொல்ல வேண்டும். கட்டுரை வெளியானதும் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கே சாட்டில் இணைப்பு போகும்படி வைத்தோம். நல்ல எண்ணம்தான். இணைப்பு போனதும் உரையாடல் திறக்கிறது, அவர் நன்றி சொல்கிறார், ஏஜென்ட் மூடுகிறார், புது ட்ராஃப்ட். செக்குமாடு போல ஒரே வட்டம், அதனால் மூடிவைத்தேன். அட்டவணை வந்தபிறகுதான் அந்தப் பகுதியை மறுபடி திறந்துவிட்டேன். இப்போது அதுதான் வாடிக்கையாளர்கள் அதிகம் மெச்சும் பகுதி.

இன்னொரு விஷயம், இதில் விளையாட்டே வேண்டாம். உரையாடலில் ஜனங்கள் தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் எழுதுவார்கள். தானாக வெளியிடும்படி ஒருபோதும் வைக்காதீர்கள். கருவிக்கென்று வேர்ட்பிரஸில் கான்ட்ரிபியூட்டர் நிலையில் ஒரு தனிக் கணக்கு கொடுங்கள். அந்தக் கணக்கால் எழுத முடியும், வெளியிட முடியாது. அமைப்பில் யாராவது கைதவறி ‘பப்ளிஷ்’ என்று மாற்றினாலும் வேர்ட்பிரஸ் மறுத்துவிடும். 2020 டிசம்பரில் வந்த 5.6 பதிப்பிலிருந்து அப்ளிகேஷன் பாஸ்வேர்ட் (வெளிக் கருவிக்கென்று தனியாக உருவாக்கும் பாஸ்வேர்ட்) வசதி இருக்கிறது. அசல் பாஸ்வேர்டைக் கருவியிடம் தர வேண்டியதில்லை, வேண்டாதபோது அதை மட்டும் ரத்து செய்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு இன்று காலை மறுபடி இரண்டு ட்ராஃப்ட். ஒரே ஆள், ஒரே கேள்வி, சாட்டிலும் மின்னஞ்சலிலும் கேட்டிருக்கிறார். இரண்டு உரையாடல் எண் என்பதால் அட்டவணைக்கு இரண்டும் புதிது. எனக்கு ஆத்திரம் வந்தது ஏன் என்றால், ‘முதல் முறை மூடும்போது மட்டும் தகவல் அனுப்பு’ என்ற ஒரே ஒரு வசதியைச் சாட் நிறுவனத்திடம் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது இருந்திருந்தால் மேலே சொன்ன வேலையில் முக்கால்வாசி தேவைப்பட்டிருக்காது. ஒவ்வொரு முறையும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே பதில் வருகிறது. வாடிக்கையாளர் நன்றி சொல்வார் என்பதை வாடிக்கையாளருக்காகவே மென்பொருள் செய்கிறவர்கள் யோசிக்கவில்லை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

அதனால் நண்பனிடம் வேண்டாம் என்றே சொன்னேன். கட்டுரைக்கு ஆகும் உரையாடலுக்கு ஏஜென்ட்டை ஒரு டேக் (அடையாளச் சொல்) போடச் சொல், வாரம் ஒருமுறை நீயே உட்கார்ந்து எடுத்து எழுது, அது போதும் என்றேன். “அப்ப நீ நிறுத்திடுவியா?” என்று கேட்டான். நிறுத்த மாட்டேன். அந்தத் தலைப்புகள் எனக்கு வேண்டும். அவன் எப்படியும் போடத்தான் போகிறான், குரலிலேயே தெரிந்தது. என் அட்டவணையின் அமைப்பை அப்படியே அனுப்பிவைத்து, வெப்ஹூக்கைத் திறக்கும் முன் இதைப் போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன்.